சிலந்தி நஞ்சுத் தரவுத்தளத்திலிருந்து உயிரிப் பூச்சிக்கொல்லிக்கு ஏற்ற பெப்டைடைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அராக்னோசர்வர் என்ற சிலந்தி நஞ்சுத் தரவுத்தளத்தில் பூச்சிகளைக் கொல்லும் பெப்டைடுகளை (சிறு புரதங்களை) மட்டும் பிரித்தெடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, பூச்சியைக் கொல்லும் நஞ்சுகள் ஏராளம், மனிதரையும் தேனீக்களையும் விட்டுவைப்பவைதான் அரிது.

ஆகவே பாலூட்டிகளின் அயனி வாயில்களை, அதாவது செல்சவ்வில் அயனிகள் சென்றுவரும் புரத வழிகளைத் தாக்குவதாகப் பதிவானவற்றை முதலில் நீக்கிவிட்டு, எஞ்சியவற்றில் ஆறு சிஸ்டீன்கள் (கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள்) மூன்று டைசல்பைடு (கந்தக-கந்தக) பிணைப்புகளாக முடிச்சிட்டுக்கொள்ளும் அமைப்பு உள்ளதா எனப் பாருங்கள். பூச்சிக் குடலின் புரதம் சிதைக்கும் நொதிகளைத் தாங்குவதற்கு அந்த முடிச்சே உதவுகிறது. ஆஸ்திரேலியாவின் புளூ மவுண்டன்ஸ் புனல்வலைச் சிலந்தியின் நஞ்சிலுள்ள ஹெச்வி1ஏ என்ற பெப்டைடு இவ்வகையைச் சேர்ந்தது. அதன் வழிவந்த பெப்டைடை ஈஸ்ட்டில் உற்பத்தி செய்து, வெஸ்டாரான் நிறுவனம் ‘ஸ்பியர்’ என்ற பெயரில் விற்கிறது.

ஆனால் ஊசிவழிச் சோதனையில் வீரியம் காட்டும் பெப்டைடு, இலையோடு தின்னப்படும்போது குடல்சுவரைக் கடக்க முடியாமல் வீணாகலாம். புழுக்களுக்கான ஸ்பியர் வகையுடன், குடல்சுவரைத் துளைக்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவைச் சிறிதளவு சேர்த்துத் தெளிப்பது இதனால்தான்.