61 நாள் தடை முதல் ஒகேனக்கல் பரிசல் வரை: கேள்வி பதில்

தமிழக மீன்துறையில் களப்பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர், வெவ்வேறு ஊர்க்காரர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு விசைப்படகுத் தொழிலாளி: ஐயா, எல்லா மீனும் சித்திரை, வைகாசியில்தான் முட்டையிடுகிறதா? மீன்பிடித் தடை என்று ஏன் 61 நாள் படகைக் கட்டிப்போட வேண்டும்?

உங்கள் சந்தேகம் நியாயமானது தம்பி. மீனுக்கு மீன் சினைப்பருவம் மாறும். ஆனால் கடலடியை உரசியபடி படகு இழுத்துச் செல்லும் வலையான இழுவை மடி இனம் பார்த்து அள்ளுவதில்லை. வழியில் கிடைப்பதையெல்லாம் சேர்த்தே அள்ளுகிறது என்பதால், ஒவ்வோர் இனத்துக்கும் தனித் தடை விதித்தால் அதை எந்தத் துறைமுகத்திலும் கண்காணிக்க முடியாது. அதனால்தான் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் ஒரே காலமாக வகுத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் 45 நாளாக இருந்த தடை, 2017-இல் 61 நாளானது. இதில் இன்னொரு பயனும் உண்டு: மடி உரசாத அந்த இரண்டு மாதம் கடலின் அடித்தரைக்கும் ஓய்வு கிடைக்கிறது. படகு உரிமையாளரைவிடக் கூலிக்குப் போகிறவரின் வீட்டில்தான் தடையின் சுமை முதலில் இறங்குகிறது. ஆகவே நிவாரணத் தொகை தடை தொடங்கும் வாரத்திலேயே கைக்கு வர வேண்டும் என்று நான் பணியில் இருந்தபோதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

இராமநாதபுரத்திலிருந்து ஒரு மாணவி: வலைக் கண்ணின் அளவை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறார்கள்?

விடியற்காலையில் இறங்குதளத்தில் ஒருமுறை நின்று பாருங்கள் அம்மா. இறாலும் நண்டும் தரம் பிரித்து ஏலத்துக்குப் போன பிறகு, ஓரத்தில் சங்காயம், அதாவது விலைபோகாத கழிவு மீன், குவிந்து கிடக்கும். அதைக் கையால் கிளறினால், விரல் நீளம்கூட வளராத சங்கரா, கிழங்கான் குஞ்சுகள் நசுங்கிக் கிடப்பதைக் காண்பீர்கள். ஆறு மாதம் விட்டிருந்தால் கூடை நிறைய விலை போயிருக்க வேண்டியவை, கோழித்தீவனத்துக்காகக் கிலோ கணக்கில் உலர்த்தப்படுகின்றன. இழுவை மடியின் கடைசிப் பையில் கண் 40 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பதன் நோக்கம் இந்தக் குஞ்சுகளைத் தப்பவிடுவதுதான். அதிலும் சாய்சதுரக் கண், இழுக்கும்போது நீண்டு மூடிக்கொள்ளும்; சதுரக் கண் திறந்தபடியே இருக்கும் என்பதால் பின்னதையே நான் பரிந்துரைப்பேன்.

கடலூரிலிருந்து ஒருவர்: சுருக்குமடியை அனுமதித்துவிட்டார்களா?

முழுமையாக இல்லை. மீன் கூட்டத்தையே சுற்றி வளைத்து, அடியைச் சுருக்கி அள்ளும் இந்தப் பெரிய வலைக்குத் தமிழக அரசு 2000-இல் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இடைக்கால ஆணையாக, 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் இரு நாள்களில் மட்டும், காலை 8 முதல் மாலை 6 மணி வரை, நிபந்தனைகளுடன் அனுமதித்தது.

திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து ஒரு குத்தகைதாரர்: ஏரியில் ஆப்பிரிக்கக் கெளுத்தி விடலாமா? சீக்கிரம் எடை கூடுகிறதே.

கூடவே கூடாது, அது தடை செய்யப்பட்ட மீன். காற்றையும் சுவாசிக்கும் இயல்பால் சேற்றில்கூட உயிர் பிழைத்து, வெள்ளத்தில் கலிங்கு (ஏரியின் உபரிநீர் வெளியேறும் வழி) வழியே அடுத்த ஏரிக்குப் போய், நாட்டுக் கெளுத்தி, விரால் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். ஒரு முறை நுழைந்துவிட்டால் வெளியேற்ற வழியில்லை. மேல்மட்டத்தில் மேயும் கட்லா, நடுமட்டத்தில் மேயும் ரோகு, அடிமட்டத்தில் மேயும் மிர்கால் மூன்றையும் சேர்த்து விடுங்கள். நுண்குஞ்சாக வாங்காமல் விரலளவுக் குஞ்சாக வாங்கினால் இழப்பு குறையும்.

சேலத்திலிருந்து ஒரு குடும்பத் தலைவி: ஒகேனக்கல்லில் மழையே இல்லாத நாளில் பரிசலை நிறுத்திவிட்டார்கள். ஏன்?

அங்கே மழை பெய்ய வேண்டியதில்லை. கர்நாடகத்தின் கபினி அணையிலோ கிருஷ்ணராஜசாகர் அணையிலோ தண்ணீர் திறந்தால், மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவைத் தாண்டி ஒகேனக்கல்லில் ஓட்டம் கூடிவிடும். பாறை இடுக்குகளில் சுழல் உருவாகும் இடங்களைப் பல்லாண்டு துடுப்புப் போட்டவரால்கூட அப்போது கணிக்க முடியாது. எனவே நீர்வரத்தைப் பார்த்து மாவட்ட நிர்வாகம் நிறுத்துகிறது. ஓடும் நாள்களிலும் உயிர்காப்பு உடையின் பட்டையைக் குழந்தைகளுக்கு நீங்களே இறுக்கிவிடுங்கள்.

பொன்னேரியிலிருந்து ஓர் ஆசிரியர்: பழவேற்காடு ஏரியின் பாடு முறையை அரசு விதியாக்கலாமா?

இறால் பிடிக்கும் இடங்களைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிரும் அந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். எந்தக் காவலரும் இல்லாமல் சண்டையையும் அளவுமீறலையும் அது தடுக்கிறது. ஆனால் அந்த உரிமை பரம்பரையாகச் சில ஊர்களுக்கும் சமூகங்களுக்கும் மட்டுமே உரியதாக இருந்துவந்ததால், வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அதே ஏரியில் வயிறு வளர்க்கக் கேட்பதும் உரிமைதான். அவர்களையும் உட்காரவைத்துப் பேசாமல் அப்படியே விதியாக்குவதை நான் ஏற்கமாட்டேன்.