பக்கத்து வீட்டுக்காரர் என் வீட்டைப் பற்றி ஓயாமல் புகார் சொல்கிறார். எப்படிச் சமாளிப்பது?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இதுதான்: சுவரில் ஓதம், மரம், மோட்டார் சத்தம், எல்லை என்று மாதம் ஒரு புகார்; இப்போது எழுத்திலும் கொடுத்துவிட்டார்; அவர் முகத்தில் முழிக்கவே பிடிக்கவில்லை. படித்ததும் எனக்கு கேட் தாழ்ப்பாள் தட்டுகிற சத்தம்தான் காதில் விழுந்தது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அழைப்பு மணியை அடிக்க மாட்டார். தாழ்ப்பாளை மூன்று முறை தட்டுவார். மணி எத்தனை ஆனாலும் அதே மூன்று தட்டு.

நீங்களும் என்னை மாதிரி ஆள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அதாவது, 'என் பக்கம் ஒரு தப்பும் இல்லை, இந்த மனிதருக்கு வேறு வேலை இல்லை' என்று முடிவு கட்டிவிட்டு, அதற்கு நாலு பேர் ஆமாம் போட மாட்டார்களா என்று பார்க்கிறீர்கள். நான் வக்கீல் இல்லை, என்ஜினியரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு வக்காலத்து வாங்கவும் வரவில்லை. என் கதையைப் படித்துவிட்டு 'தப்பு உன் மேல்தானே, அப்புறம் என்ன அறிவுரை' என்று சிலர் கிளம்புவார்கள், தெரியும். தப்பு என் மேல்தான், பாதி.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பின்புறம் தனித்தனி முற்றம், நடுவில் மதில். நாங்கள் குடிவந்த புதிதில் அவர் என்னை 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். முதல் புகார் மரத்து இலை அவர் பக்கம் விழுகிறது என்பது. அடுத்தது வாசல் விளக்கு அவர் ஜன்னலில் அடிக்கிறது என்பது. பிறகு மோட்டார், பிறகு மதில் அவர் இடத்துக்குள் ஒரு சாண் வந்துவிட்டது என்பது. நாலாவது புகாரில் 'தம்பி' போய் 'மிஸ்டர்' ஆனேன். ஐந்தாவதாக வந்தது ஓதம். "உங்க பாத்ரூம் தண்ணி என் படுக்கையறைச் சுவர்ல இறங்குது மிஸ்டர்."

போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரத்தில், இரண்டடி அகலத்துக்கு, தேமல் மாதிரி ஒரு திட்டு. நடுவில் பெயிண்ட் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரல் பட்டதும் உதிர்ந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. 'உங்கள் பெயிண்ட் மட்டம்' என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னபோது அப்படித்தான் நம்பினேன், பொய்யாகச் சொல்லவில்லை.

அடுத்த மாதமும் அதே புகார். இந்த முறை நான் தயாராக இருந்தேன். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, தண்ணீர் மீட்டரில் உள்ள சின்ன சிவப்பு முக்கோணச் சக்கரத்தைப் படம் எடுத்தேன். 2 மணி நேரம் யாரும் தண்ணீர் தொடவில்லை. மறுபடி படம் எடுத்தேன். சக்கரம் ஒரு மயிரிழைகூட நகரவில்லை. இரண்டு படத்தையும் அவரிடம் காட்டினேன். காட்டின விதம் இருக்கிறதே, இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கணக்கு சொல்லித் தருகிற மாதிரி, "கசிவு இருந்தால் சக்கரம் ஓடணும் சார். ஓடலையே?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அந்தச் சோதனை சரியான சோதனைதான், ஆனால் பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். மீட்டரிலிருந்து உள்ளே வருகிற குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும். அதில் ஓட்டை இருந்தால் ராத்திரி பகல் கசியும், மீட்டர் காட்டிக்கொடுக்கும். குளித்த தண்ணீர் வெளியே போகிற கழிவுக் குழாய் வேறு கதை. அதில் யாராவது குளித்தால்தான் தண்ணீரே ஓடும், அப்போதுதான் கசியும். அந்தத் தண்ணீரை மீட்டர் ஏற்கெனவே எண்ணி முடித்திருக்கும். மீட்டர் சும்மா இருக்கிறது என்று கழிவுக் குழாய்க்கு நற்சான்றிதழ் கொடுக்க முடியாது. எனக்கு அது அப்போது தெரியாது. தெரியாததைவிட மோசம், கேட்கவும் இல்லை.

அவர் எழுத்தில் புகார் கொடுக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். நானும் விடவில்லை, ஒரு நோட்டு போட்டேன். என்றைக்கு வந்தார், எத்தனை மணிக்கு, எதைப் பற்றி, என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன். நாளைக்கு வழக்கு என்று வந்தால் 'இவர் தொந்தரவு செய்கிற ஆள்' என்று காட்ட வேண்டும், அதுதான் நோக்கம். 14 மாதத்தில் 23 பதிவு. அதில் 9 ஓதம்.

நோட்டு வையுங்கள் என்று உங்களுக்கும் சொல்கிறேன். ஆனால் எழுதும்போது 'திமிராகப் பேசினார்', 'வேண்டுமென்றே கத்தினார்' என்றெல்லாம் எழுதாதீர்கள். நான் அப்படி எழுதின பக்கங்கள் எதற்கும் உதவவில்லை. தேதி, நேரம், அன்றைக்கு மழையா வெயிலா, வீட்டில் யார் இருந்தார்கள், என்ன ஓடிக்கொண்டிருந்தது, இவைதான் உதவின. யாருக்கு உதவின என்பதுதான் வேடிக்கை.

ஒரு நாள் சாயங்காலம் என் மனைவி அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "இந்த ஒன்பது தேதியும் அம்மா வந்திருந்தப்பங்க" என்றாள். மாமியாரையும் ஓதத்தையும் முடிச்சுப் போடுகிறாளே என்று முதலில் சிரித்தேன். அப்புறம் எண்ணிப் பார்த்தேன். மாமியார் வந்தால் பின்பக்கச் சின்ன பாத்ரூமைத்தான் பயன்படுத்துவார். மற்ற நாட்களில் அதில் விளக்குமாறும் வாளியும்தான் இருக்கும். அவர் வந்து இரண்டு மூன்று நாளில் கேட் தாழ்ப்பாள் மூன்று தட்டு. ஒன்பதுக்கு ஒன்பது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் கொஞ்சம் சிவப்புச் சாயப்பொடி வாங்கி வந்து, அந்தப் பாத்ரூம் தரை ஜல்லடையில் கொட்டி, நாலைந்து வாளி தண்ணீர் ஊற்றினேன். மூன்றாம் நாள் காலையில் தாழ்ப்பாள் தட்டுகிற சத்தம். அவர் கையில் ஒரு வெள்ளைத் துணி. சுவரைத் துடைத்த துணி, அதில் இளஞ்சிவப்புக் கறை. "இது என்ன மிஸ்டர், ரத்தமா?"

சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் மழுப்பியிருக்கலாம், ஆசையும் இருந்தது. சட்டம் தெரிந்தவர்கள் 'வல்லுநர் பார்க்கும் முன் எதையும் ஒப்புக்கொள்ளாதே' என்பார்கள். பெரிய சேதம், பெரிய பணம் என்றால் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். எனக்கு அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை, அவ்வளவுதான்.

தரையை உடைத்தோம். இங்கே கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வீடு கட்டுகிறவர்கள் சன்னல் கம்பிக்கு நாலு டிசைன் காட்டுவார்கள். தரைக்குள் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் கொடு என்றால், 'எல்லாம் மனசுல இருக்கு சார்' என்பார்கள். மனசோடு அவர்கள் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். எங்கள் பாத்ரூமில் குழாயைச் சுத்தம் செய்ய விட்டிருந்த வாயையே டைல்ஸ் போட்டு மூடியிருந்தார்கள், அழகுக்காகவாம். குழாய் இருக்கிற இடம் தெரியாமல் மூன்று இடத்தில் உடைத்த பிறகுதான் அகப்பட்டது. சரிவு என்று ஒன்று இல்லவே இல்லை. அடிக்குக் கால் அங்குலமாவது இறக்கம் இருந்தால்தான் தண்ணீர் ஒழுங்காக ஓடும் என்பது எந்த பிளம்பருக்கும் பாலபாடம். இது மட்டமாகப் படுத்திருந்தது. முற்றத்துப் பக்கம் திரும்புகிற இணைப்பில் பசையே பூசாமல் சும்மா செருகி வைத்திருந்தார்கள். புதிதாகக் கட்டுகிறவர் யாராவது இதைப் படித்தால், தரை மூடும் முன் அளவுநாடாவை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புலம்பல் முடிந்தது.

அந்த இணைப்புக்குள் தலைமுடிக் கொத்து மாதிரி வேர். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா, மரத்தை வெட்டுன்னு!" நான் விட்டுக்கொடுக்கவில்லை. நல்ல குழாயை வேர் உடைத்துக்கொண்டு உள்ளே போவது அபூர்வம். ஏற்கெனவே கசிகிற இடத்தில் ஈரம் இருக்கும், அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு வேர் வரும், சந்தில் நுழையும், பிறகு பருத்து சந்தைப் பெரிதாக்கும். கசிவு முதலில், வேர் பிறகு. இன்றுவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மரம் இன்னும் நிற்கிறது. அவர் பக்கம் நீண்ட கிளைகளை மட்டும் கழித்துவிட்டேன்.

மதில் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி என்று ஆனது, அதையும் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. அவர் பழைய வேலிக் கம்பத்திலிருந்து நாடா பிடித்து அளந்திருந்தார். கம்பம் எல்லைக் கல் ஆகாது. தரை மேடும் பள்ளமுமாக இருந்தால் நாடாவைத் தரையோடு படுக்கப் போட்டு அளப்பதும் தப்பு. வரைபடத்தில் இருக்கிற நீளம் மட்டமான நீளம், சரிவில் அளந்தால் எண் கூடித்தான் வரும். இரண்டு பேரும் செலவைப் பாதிப் பாதி போட்டு, இரண்டு பேரும் கூட நிற்க, உரிமம் பெற்ற அளவையரைக் கொண்டு அளந்தோம். மதில் என் பக்கம்தான் நான்கு விரற்கடை உள்ளே இருந்தது. நான் மட்டும் ஆள் வைத்து அளந்திருந்தால் 'உன் ஆள் அப்படித்தான் சொல்வான்' என்று இருப்பார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்களுக்கு ஏற்கெனவே சிலர் இரண்டு வழி சொல்லியிருப்பார்கள். ஒன்று, 'உட்கார்ந்து பேசினால் தீராதது உண்டா'. உண்டு. நாங்கள் பேசிப் பேசித்தான் 'மிஸ்டர்' வரைக்கும் போனோம். பேச்சு பலித்தது, கண்ணுக்கு முன்னால் ஒரு துணியும் கறையும் இருந்தபோதுதான். இரண்டு, 'கேமரா மாட்டு'. என் மச்சான் அதைத்தான் சொன்னான், மாட்டியும் விட்டான். அது அவர் முற்றத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. புகாரே இல்லாத அவருடைய மனைவிக்கும் அன்றிலிருந்து புகார் வந்துவிட்டது. மாட்டினால் உங்கள் வாசலை மட்டும் பார்க்கட்டும்.

ஓதம்தான் உங்களுக்கும் சண்டை என்றால், அவர் அனுமதியோடு அந்த ஈரத்திட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் நீர் முத்து முத்தாக இருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது, அது அவர் ஜன்னலைத் திறந்து சரிசெய்ய வேண்டியது. சுவர்ப் பக்கம் ஈரம் என்றால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. சுவர் நெடுக அடியில் ஒரே கோடாக இருந்தால் தரையிலிருந்து ஏறுகிற ஓதமாக இருக்கலாம். எங்களுடையது போல ஒரே இடத்தில் திட்டு என்றால் பக்கத்தில் எங்கோ கசிவு இருக்கிறதா என்று தேடுங்கள். மீட்டரையும் பாருங்கள், சாயத்தையும் ஊற்றிப் பாருங்கள். ஒன்றை மட்டும் செய்துவிட்டு என்னை மாதிரி மார்தட்ட வேண்டாம்.

தொந்தரவுக்கென்றே புகார் கொடுக்கிறவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. மிரட்டல், கல்லெறி, வழி மறிப்பு என்று போனால் சாயப்பொடி வேலைக்காகாது, உரிய இடத்தில் எழுதிக் கொடுங்கள். எங்கள் ஆள் அந்த ரகம் இல்லை. 23 புகாரில் ஓதம் சம்பந்தப்பட்ட ஒன்பதும் சரி, மற்றதில் முக்கால்வாசி வீண். வீணானதைக் கேட்டுக் கேட்டு, சரியானதும் என் காதுக்கு வீணாகவே கேட்டது.

குழாயை மாற்றிய பிறகு அவர் சுவரைப் பூசிக் கொடுக்கிறேன் என்றேன். காய்ந்த பிறகுதான் பூச வேண்டும், ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்று வேலைக்காரர்கள் சொல்கிற தோராயக் கணக்கையும் சொன்னேன். எங்கள் சுவர் 9 அங்குலம். அவரால் பொறுக்க முடியவில்லை, மூன்றாவது வாரமே சொந்தச் செலவில் பெயிண்ட் அடித்துவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை தாழ்ப்பாள் மூன்று தட்டு. "மறுபடி உரியுது தம்பி, உன் குழாய் இன்னும் சரியாகலை." குழாய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, உள்ளே இருக்கிற பழைய ஈரம்தான் வெளியே வருகிறது என்று சொல்ல வாய் வந்தது. நோட்டில் 24 என்று போட்டு தேதி எழுதிவிட்டு, அந்தச் சாயப்பொடி டப்பாவில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் போனேன்.