மார்புப் பையில் ரேடியோ உறை: தையல் ஏன் தாண்டுகிறது?

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலையேற்றத்துக்கு மார்புப் பையில் ரேடியோ உறை வைத்துத் தைத்தால் தையல் தாண்டுகிறது, அடியில் நூல் சிக்குகிறது என்றீர்கள். இரண்டும் வேறு கோளாறுகள்.

1000 டெனியர் (இழைத் தடிமன் அளவு) கார்டுரா என்ற முரட்டுத் துணி இரண்டு மடிப்பு, மேலே 25 மி.மீ. நாடா, இதில் 90/14 அளவு ஊசி வளையும், மெஷினுக்கு அடியில் சுழலும் கொக்கிக்கு நூல் வளையம் அகப்படாது, தையல் தாண்டும். இன்னும் தடித்த 110/18 ஊசி போடுங்கள், தையல் நீளம் 3 மி.மீ. தடித்த இடத்தில் பெடலை விட்டுவிட்டுக் கைச்சக்கரத்தைச் சுற்றுங்கள்.

அடிச்சிக்குக்குப் பாபினை (அடிநூல் சுற்றிய உருளை) திட்டாதீர்கள். பெரும்பாலும் மேல்நூல் அதை இறுக்கிப் பிடிக்கும் தட்டுகளுக்குள் இறங்கியிருக்காது. அழுத்துபாதத்தைத் தூக்கி வைத்து நூலை மறுபடி கோத்துவிடுங்கள்.

நூல் டெக்ஸ் 70 (நூல் தடிமன் அளவு) பாலியஸ்டர் போதும். அதைவிடத் தடித்தால் வீட்டு மெஷின் திணறும். நைலான் நூல் வெயிலில் சீக்கிரம் நைந்துவிடும். நாடாவில் 38 மி.மீ.க்கு ஒரு நெருக்கத் தையல் (ஒரே இடத்தில் நெருக்கமாகப் போடும் ஜிக்ஜாக்), ஜிக்ஜாக் நீளம் 0.5 மி.மீ. நாடா முனையை லைட்டரால் உருக்கினால் இறுகிய விளிம்பிலிருந்து 5 மி.மீ. தள்ளித் தையுங்கள், ஊசி உடையாது.