ஊர் சுற்றுவோம்: வாசகர் கேள்விகள், இந்த வாரம் ஜார்ஜ் டவுன்

கேள்வி: தை மாதம் மகளோடு இரண்டு நாள் சென்னை வருகிறேன். மெரினா, மயிலாப்பூர் எல்லாம் பார்த்தாயிற்று. ஜார்ஜ் டவுன் பார்க்க ஆசை, எங்கே ஆரம்பிப்பது? கார் வைத்துக்கொள்ளலாமா?
(வாசகி, கோவை)

பதில்: கார் வேண்டவே வேண்டாம், நிறுத்த இடம் தேடியே அரை நாள் போய்விடும். மெட்ரோவில் வந்து உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்குங்கள். பாரிமுனையில் ஓரமாக நின்று, நீதிமன்றத்தைக் காட்டி மகளிடம் சொல்லுங்கள், பழைய ஊர் இருந்தது அங்கேதான் என்று. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரின் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள். மூன்று வருடம் கழித்து அது ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. கோட்டைச் சுவரை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி மறைந்து வரத் தோதாகிவிடும் என்ற கணக்கில், முதலில் பிரெஞ்சுக்காரர்கள் கொஞ்சம் இடிக்க, மிச்சத்தை ஆங்கிலேயர்கள் இடிக்க, வீடு, கோயில், கடை எல்லாம் போய் அந்த இடமே வெட்டவெளியானது. இனி இங்கே யாரும் கட்டக்கூடாது என்று 1773-இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று பாரிமுனையின் டேர் ஹவுஸ் கட்டடத்தில் இன்னும் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். இடிபட்ட கோயில்தான் பூக்கடைப் பக்கம் சென்னகேசவப் பெருமாளும் சென்னமல்லீஸ்வரருமாக மறுபடி எழுந்தது. புரட்டாசியில் திருப்பதிக் குடை புறப்படுகிறதே, அந்தப் பெருமாள் கோயிலிலிருந்துதான்.

அப்புறம் தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள், பவழக்காரத் தெரு, தங்கசாலை என்று கால் போன போக்கில் நடங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், நின்று அண்ணாந்து மாடிகளைப் பார்க்கலாம். ஆனால் இரண்டு நாள் இருக்கிறதே, வேலை நாளிலும் ஒருமுறை போய்விடுங்கள். மூட்டை தூக்குபவரும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியும் இல்லாத ஜார்ஜ் டவுனை மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்பினால் எனக்கே வருத்தமாக இருக்கும்.

கேள்வி: முப்பது வருடமாக மொத்த விலைக்குச் சரக்கு எடுக்க பாரிஸ் (பாரிமுனைதான்) போகிறேன். கூட்டம், குப்பை, வண்டிச் சத்தம். இதில் பார்க்க என்ன இருக்கிறது?
(வாசகர், அம்பத்தூர்)

பதில்: கூட்டம் உண்மை, குப்பையும் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் முப்பது வருடமாக நீங்கள் சொல்லும் தெருப் பெயர்களை ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். வால்டாக்ஸ் ரோடு, அதாவது மதில் வரிச் சாலை. ஹைதர் அலி படை நகர வாசல் வரை வந்துபோன பயத்தில் ஊரைச் சுற்றி மதில் கட்டினார்கள், அதன் செலவுக்கு மக்களிடம் வரி கேட்க நினைத்தார்கள். வரி வசூலாகவே இல்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அந்த மதிலின் வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி. மதிலில் மிஞ்சிய ஒரு துண்டை ஸ்டான்லி மருத்துவமனை அருகே மாடிப் பூங்காவில் இன்றும் தொட்டுப் பார்க்கலாம்.

பிராட்வேயை எடுத்துக்கொள்ளுங்கள் (இப்போது பிரகாசம் சாலை). கிழக்கே முத்தியாலுப்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை, நடுவில் சாக்கடைப் பள்ளம். ஸ்டீபன் பாப்ஹாம் என்ற வழக்கறிஞர் அதைத் தூர்த்துச் சாலையாக்கினார். அந்தப் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் இடங்கை, அந்தப் பக்கம் வலங்கை என்று சாதிகள் இரண்டு அணியாகப் பிரிந்து, 1707-இல் எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது என்பதற்காகப் பெரிய கலவரமே நடந்திருக்கிறது. ஆண்டர்சன் தெருவுக்குக் காகிதம், பத்ரியன் தெருவுக்குப் பூ, கோடவுன் தெருவுக்குத் துணி, நைனியப்ப நாயக்கன் தெருவுக்கு ரசாயனம் என்று இன்றைக்கும் தெருவுக்கு ஒரு தொழிலாக இருப்பதைப் பார்க்கும்போது, ஊர் தன் பழைய பழக்கத்தை விடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அடுத்த முறை சரக்கு கட்டும்வரை கால் மணி நேரம் இருக்குமே, அப்போது சும்மா நடந்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: அரண்மனைக்காரன் தெருவில் எந்த ராஜாவின் அரண்மனை இருந்தது?
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: எந்த ராஜாவும் இல்லை, தம்பி. ஆர்மீனியர்கள் இருந்த தெரு. ஆர்மீனியன் நம் ஆட்கள் வாயில் அரண்மனைக்காரன் ஆகிவிட்டான். அங்கே 1772-இல் கட்டிய அவர்களுடைய தேவாலயம் இருக்கிறது. தெருவின் இரைச்சலிலிருந்து மரக்கதவைத் தாண்டி உள்ளே போனதும் நிழலான முற்றம், தரையெல்லாம் எழுத்து வெட்டிய கல்லறைக் கற்கள், ஆறு மணிகள் தொங்கும் தனி மணிக்கூண்டு. ஹாருத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியாரின் கல்லறையைத் தேடிப் பாருங்கள். உலகிலேயே ஆர்மீனிய மொழியில் வந்த முதல் பத்திரிகையான 'அஸ்தரார்', 1794-இல் அவர் முயற்சியில் நம் சென்னையில்தான் அச்சானது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-இல் பாலம் கட்டிக் கொடுத்த பெட்ரஸ் உஸ்கானும் ஆர்மீனிய வணிகர்தான். இவ்வளவு செய்தவர்களின் சமூகம் இங்கே அநேகமாக இல்லாமலே போய்விட்டது, அந்த முற்றத்தில் நிற்கும்போது மனதுக்கு என்னவோ போலிருக்கும். போகும்முன் திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வள்ளலார் வாழ்ந்த வீடு இன்னும் இருக்கிறதா?
(வாசகி, விழுப்புரம்)

பதில்: இருக்கிறது அம்மா, ஏழுகிணறு வீராசாமித் தெருவில். 1858-இல் சென்னையை விட்டுக் கிளம்பும்வரை இந்தப் பகுதியில்தான் இருந்தார். அங்கிருந்து கந்தகோட்டம் நடக்கிற தூரம், 'தெய்வமணிமாலை' அந்த முருகன்மேல் பாடியதுதான். அவர் நடந்த வழியில் நீங்களும் நடந்தே போங்கள். குடியிருப்பு நெருக்கமான தெரு, படம் எடுக்கும்முன் வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சாப்பாடு?
(அதே கோவை வாசகியின் மகள், கடிதத்தின் ஓரத்தில்)

பதில்: பகலில் சௌகார்பேட்டை, முறுக்கு சாண்ட்விச். சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரில் செகண்ட் லைன் பீச் பக்கம் வந்தால் அத்தோ. 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் அது. முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். காரம் குறைவாக வேண்டுமென்றால் பிசைய ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடு.