காகிதப்பூவைக் கொஞ்சம் காயப் போடுங்கள்

கேள்வி: மூன்று வருடமாகத் தொட்டியில் காகிதப்பூ வளர்க்கிறேன். தினமும் தண்ணீர், பதினைந்து நாளுக்கு ஒரு முறை தொழு உரம். இலை பச்சைப்பசேல் என்று இருக்கிறது, கிளைகள் ஆள் உயரம் தாண்டிவிட்டன. பூ மட்டும் வரவே இல்லை. என்ன குறை?

பதில்: ஒரு குறையும் இல்லை, எல்லாம் கூடிப்போனதுதான் சிக்கல். தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்துக்கொண்டே இருந்தால் இந்தச் செடி இலையும் கொடியுமாக ஓடிக்கொண்டே இருக்கும், பூப்பதைப் பற்றி அது ஏன் கவலைப்படப் போகிறது? முதலில் தினசரி தண்ணீரை நிறுத்துங்கள். மேல் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள், இரண்டு அங்குலம் வரை காய்ந்திருக்க வேண்டும். இளந்தளிர் லேசாகத் துவள ஆரம்பிக்கும்போது அடித்துளை வழியாக வடியும் அளவுக்கு நன்றாக ஊற்றிவிட்டு, மறுபடி காயும் வரை அந்தப் பக்கமே போகாதீர்கள். துவண்டதைப் பார்த்தும் நாள்கணக்கில் விட்டுவிட்டால் இலை முழுக்கக் கொட்டிவிடும், அந்த அளவுக்குக் கொடுமை வேண்டாம். நுனிகளில் நிறம் தெரிய ஆரம்பித்ததும் இந்தக் காயப்போடுதலைக் கொஞ்சம் தளர்த்துங்கள், இல்லையென்றால் வந்த பூவும் உதிரும்.

அப்புறம் உரம். தொழு உரத்தைச் சில மாதங்களுக்கு மறந்துவிட்டு, சாம்பல் சத்து (பொட்டாஷ்) கூடுதலாக உள்ள உரத்தை மாதம் ஒரு முறை கொஞ்சமாகப் போடுங்கள். ஆள் உயரம் தாண்டிய கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். மனசு கேட்காதுதான், ஆனால் புதுத் தளிரில்தான் பூ வரும், வெட்டினால்தான் பக்கத் தளிர் வெடிக்கும். முள் இருக்கிறது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தினமும் ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் படுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. படவில்லை என்றால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது.

கேள்வி: நிழலில் பூக்கும் காகிதப்பூ ரகம் உண்டா?

பதில்: இல்லை. நிழல்தான் இருக்கிறது என்றால் வேறு செடி வையுங்கள்.

கேள்வி: நாற்றுப் பையிலிருந்து பெரிய தொட்டிக்கு மாற்றினேன், பத்தே நாளில் பட்டுப்போய்விட்டது. நல்ல மண்தான் போட்டிருந்தேன்.

பதில்: மண்ணைக் குறை சொல்ல வேண்டாம், வேர் அறுந்திருக்கும். இதன் வேர்கள் மெல்லியவை, இழுத்தால் பொசுக்கென்று அறுந்துவிடும். நானும் ஒரு முறை பழைய மண்ணை உதறிவிட்டு நடலாமே என்று புத்திசாலித்தனம் செய்து, நல்ல செடி ஒன்றைச் சாகடித்திருக்கிறேன். பையைப் பிடித்து உருவாமல் பக்கவாட்டில் கிழித்து, மண் கட்டியை உடையாமல் அப்படியே இறக்குங்கள். தொட்டியும் ரொம்பப் பெரிதாக வேண்டாம், முன்பு இருந்ததைவிட ஒரு அளவு பெரிதாக இருந்தால் போதும். வேர் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும்போதுதான் இது நன்றாகப் பூக்கிறது.

கேள்வி: காகிதப்பூவில் நாம் பூ என்று பார்ப்பது பூவே இல்லை என்கிறாள் என் மகள். உண்மையா?

பதில்: மகள் சொல்வது சரி. அந்த நிறமான தாள்கள் பூவடிச் செதில்கள், அதாவது உருமாறிய இலைகள். அவற்றின் நடுவே சின்னக் குழாய் போல வெளிர் நிறத்தில் மூன்று இருக்கும், அவைதான் நிஜப் பூ. அந்திமந்தாரையும் மூக்கிரட்டையும் இதற்குச் சொந்தக்காரர்கள், ஒரே குடும்பம். பிரேசிலில் இதைப் பார்த்துப் பதிவு செய்தவர் பிலிபெர் கொமர்சோன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர். அவர் போன உலகக் கடற்பயணம் 1766இல் கிளம்பியது, அதன் தலைவர் போகன்வில் பெயரில்தான் செடிக்குப் போகன்வில்லா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பயணத்தில் ஆண் வேடமிட்டு கொமர்சோனுக்கு உதவியாளராகப் போன ழான் பாரே, உலகைச் சுற்றிவந்ததாக அறியப்படும் முதல் பெண். மகளிடம் இதையும் சொல்லுங்கள்.

கேள்வி: இலை ஓரமெல்லாம் அரித்தது போல இருக்கிறது, ஆனால் ஒரு பூச்சியும் கண்ணில் படவில்லை.

பதில்: பகலில் தேடியிருப்பீர்கள். பெரும்பாலும் அது ஒரு சின்னப் புழு. உடம்பை வளைத்து வளைத்து நடக்கும், பச்சையாகவோ பழுப்பாகவோ காம்போடு காம்பாக ஒட்டிக்கொண்டிருந்தால் பக்கத்தில் போனாலும் தெரியாது. சாப்பாடெல்லாம் இரவில்தான். இருட்டிய பிறகு டார்ச் அடித்து இளந்தளிர்களைப் பாருங்கள், கண்டால் எடுத்துப் போடுங்கள். நிறைய இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் இலையின் அடிப்பக்கமும் படும்படி தெளியுங்கள். நன்கு வளர்ந்த செடி என்றால் இந்தச் சேதம் பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர, செடி சாகாது.