பிள்ளைகளைக் கேட்டு வீதி போடலாமா?

கேள்வி: எங்கள் பகுதி வீதியையும் பூங்காவையும் திருத்துவது பற்றிய கூட்டத்தில், பிள்ளைகளின் கருத்தையும் கேட்க வேண்டுமென்றேன்; பெரியவர்கள் சிரித்தார்கள். நான் சொன்னது தவறா?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: தவறே இல்லை. ஐக்கிய நாடுகளின் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தம்மைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துக் கூறவும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அது மதிக்கப்படவும் பிள்ளைகளுக்கு உரிமையளிக்கிறது. இலங்கை அதனை 1991இல் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் இத்தாலியின் பானோ நகரில் கல்வியியலாளர் பிரான்செஸ்கோ தொனூச்சி தொடங்கிய ‘சிறுவர்களின் நகரம்’ திட்டத்தில், சிறுவர் மன்றமே நகர முதல்வருக்கு ஆலோசனை கூறும்.

ஆனால் பிள்ளைகளை மேடையேற்றி, எழுதிக் கொடுத்ததை வாசிக்க வைப்பது (அதில் நாம் வல்லவர்கள்) பங்கேற்பு ஆகாது. மூன்று வயதுப் பிள்ளையின் உயரம் ஏறத்தாழ 95 சென்ரிமீற்றர். அந்த உயரத்திலிருந்து பார்த்தால், ஓரத்தில் நிறுத்திய முச்சக்கரவண்டிக்கு அப்பால் வரும் பேருந்து தெரியாது. சற்று வளர்ந்த பிள்ளைகளிடம் பள்ளிக்குப் போகும் வழியை வரையச் சொல்லுங்கள். மூடியில்லாத வடிகாலும், நாய் படுத்திருக்கும் முடக்கும், மான்கள் ஒதுங்கும் நிழலும் பொறியியலாளரின் வரைபடத்தில் இல்லாத துல்லியத்தோடு அதில் இருக்கும். அந்தத் தாள்களோடு அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். எதை ஏற்றார்கள், எதை ஏன் மறுத்தார்கள் என்பதைப் பிள்ளைகளிடமே வந்து சொல்லுமாறு பொறுப்பானவர்களைக் கேளுங்கள்.