முதலில் கழுத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: எனக்கு 43 வயது. பருப்பு மண்டி ஒன்றில் 15 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். முன்பெல்லாம் நான் போட்ட கூட்டலை யாரும் சரிபார்க்கமாட்டார்கள். இந்த இரண்டு வருடமாக ஒரே பில்லை இரண்டு தடவை ஏற்றிவிடுகிறேன். போன மாதம் ஜிஎஸ்டி கணக்கில் தப்பு வந்து, முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழுகிறது, மனசில் ஏறுவதில்லை. மதியமானால் கண் சொக்குகிறது. சர்க்கரைக்கு ஏழு வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். என் குறட்டை தாங்காமல் மனைவி கூடத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். பெரியவர்களுக்கு வரும் ஏடிஹெச்டி (கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறு) பற்றி இன்ஸ்டாகிராமில் ஒரு வீடியோ பார்த்தேன். பத்து அறிகுறி சொன்னார்கள், எட்டு எனக்குப் பொருந்துகிறது. மாத்திரை தொடங்கலாமா டாக்டர்?
– வாசகர், விருதுநகர்

பதில்: அந்த மாதிரிப் பட்டியல்களில் பாதி எனக்கும் பொருந்தும். சாவியைத் தேடாத மனிதர் யார்?

உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடு போட்டது ‘இந்த இரண்டு வருடமாக’ என்ற இடத்தில். ஏடிஹெச்டி நடுவயதில் புதிதாக முளைப்பதில்லை. சிறு வயதிலேயே தொடங்குவது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட வரையறையும், அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. அதனால் இந்தச் சந்தேகத்தோடு யார் வந்தாலும், முடிந்தால் அவர்களுடைய அம்மாவிடம் பேசிவிடுவேன். ஒரு பெண்மணியின் தாயார், “ஒரே மழைக்காலத்தில் மூணு குடையைத் தொலைச்சவ சார் இவ” என்று ஆரம்பித்து அரைமணி நேரம் நிறுத்தவில்லை. அந்தப் பெண்மணிக்கு ஏடிஹெச்டி இருந்தது. வகுப்பில் சேட்டை செய்யாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான். நீங்களோ 13 வருடம் பிசகில்லாமல் கணக்கு எழுதியவர். உங்கள் கதை வேறு.

சரி, குறட்டைக்கு வருவோம். வீட்டில் எல்லோரும் கேலி பேசிவிட்டு விட்டுவிடுகிற விஷயம் இது. குறட்டை விடுகிற சிலருக்கு, தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதையின் மேல்பகுதியை அடைத்துக்கொள்ளும். பத்து விநாடிக்கு மேல்கூட மூச்சு நிற்கும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்க, மூளை பதறி உங்களை ஒரு கணம் உலுக்கி எழுப்பும். எழுந்ததே உங்களுக்குத் தெரியாது. மணிக்கு ஐந்து தடவைக்கு மேல் இப்படி நடந்தாலே நாங்கள் கவனிக்க ஆரம்பிப்போம். முப்பதைத் தாண்டினால் தீவிரம். இரவு பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தவர், மூளையின் கணக்கில் சரியாகத் தூங்கவே இல்லை. மறுநாள் ஒரே பில் இரண்டு தடவை ஏறுவதில் என்ன ஆச்சரியம்? ஒரு டேப் எடுத்துக் கழுத்தை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 17 அங்குலத்தைத் தாண்டினால் சந்தேகம் இன்னும் வலுக்கும். குறைவாக இருந்தாலும், உங்களுக்கு இருக்கும் மதியத் தூக்கமும் குறட்டையும் போதும், நுரையீரல் மருத்துவரிடம் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ள. அதுவரை மதிய நேரத்தில் பைக் ஓட்டாதீர்கள். இதை வேண்டுகோளாக இல்லை, கண்டிப்பாகவே சொல்கிறேன்.

அடுத்தது மெட்ஃபார்மின். நல்ல மாத்திரைதான், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் வருடக்கணக்கில் சாப்பிடும்போது, உணவிலிருந்து பி12 வைட்டமினைக் குடல் உறிஞ்சுவது குறையலாம். நீங்கள் சைவமா என்று எழுதவில்லை. சைவமென்றால் இன்னும் கவனம் வேண்டும். பி12 குறைந்தால் பாதம் மரத்துப்போகும், ஞாபகமும் மந்தமாகும். பி12 அளவுக்கான ரத்தப் பரிசோதனையோடு தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், ஹீமோகுளோபின், மூன்று மாதச் சர்க்கரை எல்லாவற்றையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள். மனச்சோர்வும் கவனத்தைக் கெடுக்கும். முன்பு பிடித்த எதிலும் இப்போது ஈடுபாடில்லை என்றால், வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வேறு ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா என்றும் யோசியுங்கள். ஒருமுறை நான், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டு, “இப்பத்தானே சார் சொன்னேன்” என்று ஒரு நோயாளியிடம் வாங்கிக்கொண்டேன். தூசி ஒவ்வாமைக்கு இரண்டு வாரமாக ராத்திரி போட்டுக்கொண்டிருந்த குளோர்பெனிரமின் செய்த வேலை அது. மறுநாள் காலை வரை மந்தமாக வைத்திருக்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவன் நான்.

அப்புறம், மண்டியில் விலை கேட்டு வாட்ஸ்அப் ஓயாமல் அடிக்குமே, அதுவும் உண்டு. ஒரு வேலையை அரைகுறையாக விட்டு இன்னொன்றுக்குத் தாவினால், மனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதினார். பில் ஏற்றும் ஒரு மணி நேரம் மட்டும் போனை முதலாளியின் மேஜையில் வைத்துவிடுங்கள். விலை கேட்பவர்களுக்கு அவரே பதில் சொல்லட்டும்.

மாத்திரைக்கு வருகிறேன். ஏடிஹெச்டிக்குத் தரும் மெத்தில்பெனிடேட் கடும் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றக்கூடியது. தூக்கத்தில் மூச்சு நிற்பவருக்கு அதைக் கொடுத்து விழிக்கவைப்பது, எரிகிற எச்சரிக்கை விளக்கைத் துணியால் மூடுகிற வேலை. இப்போதைக்கு வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள். ராத்திரியில் உங்களுக்கு மூச்சு நிற்கிறதா, எத்தனை நேரம் நிற்கிறது என்பதெல்லாம் கூடத்துக்குப் போகுமுன் அருகில் படுத்திருந்த அவருக்குத்தான் தெரியும்.